இருநூற்றுப் பன்னிரண்டு

கெப்போங் சுங்கச்சாவடி தாண்டி
மின்கோபுரங்கள் வரிசையாய் ஏறிப்போகும் சரிவில்
இருநூற்றுப் பன்னிரண்டு கன்றுகள்
என்கிறது தாள்.
எண்ணிப் பார்த்துச் சொல்வது என் வேலை.
எண், உயரம், உயிர் என மூன்று கட்டங்கள்.
மூன்றாவதில் உண்டு, அல்லது இல்லை.
அரை உயிருக்குக் கட்டம் போடவில்லை யாரும்.

மூன்று வருஷத்துக்கு முன்
வறண்ட ஒரு ஜனவரி முடிந்து
மலை மொத்தமும் ஒரே மூச்சில் பூத்தது.
குறிஞ்சிக்காவது பன்னிரண்டு என்றொரு கணக்குண்டு.
மெரந்திக்கு அதுவும் இல்லை.
நாலு வருஷமோ, ஏழோ, ஒன்பதோ,
தோன்றினால்தான் பூ.
ஆகஸ்ட் காற்றில் சிறகு கட்டிய காய்கள்
சுழன்று சுழன்று நெடுஞ்சாலையில் இறங்கின.
கார்க் கண்ணாடியின் துடைப்பான் இடுக்கில்,
பேருந்து நிறுத்தக் கூரையில்,
தாமான் வடிகாலில்.
நகரம் குப்பையென்று பெருக்கித் தள்ளியது.

பொறுக்காத விதை அது.
புளியங்கொட்டை மாதிரி டப்பாவில் போட்டு மூடி
அடுத்த தைக்குப் பார்த்துக்கொள்ளலாம் என்றிருக்க முடியாது.
குளிர்ப்பெட்டியில் வைத்தால் செத்துப்போகும்.
இரண்டு வாரத்துக்குள் மண்,
இல்லையென்றால் வெறும் சருகு.
நானும் ஹஸ்னிசாவும் ஊஜாங்கும்
அரிசிச் சாக்குகளோடு
பதினோரு நாள் குனிந்தே திரிந்தோம்.
காரை ஓரங்கட்டி ஒருவர் கேட்டார்:
இதைத் தின்னலாமா?
பன்றி தின்னும் என்றேன்.
கண்ணாடியை ஏற்றிக்கொண்டார்.

ஒன்று, உண்டு. முழங்கால் உயரம்.
இரண்டு, உண்டு.
பதினேழு, இல்லை. பன்றியேதான்.
முப்பத்தைந்து, கெருயிங், என் இடுப்பைத் தொடுகிறது,
தொட்டதில் அதற்கென்ன லாபமோ
எனக்குச் சிரிப்பு வந்தது.
எழுபதில் தொடங்கி நூற்று ஒன்பது வரை
தலைகள் இல்லை.
ஒரே மட்டமாய், கணுக்கால் உயரத்தில்,
நைலான் கயிறு சுழன்று அறுத்த வெட்டு.
பால் இன்னும் காயவில்லை.

சரிவின் அடியில்தான் நின்றிருந்தார்
முதுகில் இயந்திரத்தோடு ரஃபீக்குல்.
பதினோரு மாதமாக இந்த ஊரில் வெட்டுகிறார்,
ஏக்கருக்கு இவ்வளவென்று கூலி.
மலாயில் திட்ட ஆரம்பித்தேன்.
அவர் சட்டைப் பையிலிருந்து
நாலாய் மடித்த ஒரு தாளை எடுத்து நீட்டினார்.
அதே மின்கோபுரங்கள். அதே சரிவு.
அவருடைய தாளில் இதற்குப் பெயர்
புல்.

இரண்டு தாள்களையும் ஒரே பாறையில் வைத்துக்
கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தோம்.
கீழே லோரிகள் போயின.
பிறகு கேட்டார்,
எது மரம்?

ஓர் இலையைப் புரட்டி அடிப்பக்கம் காட்டினேன்,
மங்கிய மஞ்சள்.
இன்னொன்றின் நரம்பைக் காட்டினேன்.
முப்பத்தொரு வகை என்றேன்.
முப்பத்தொன்றா என்று இயந்திரத்தை இறக்கி வைத்தார்.
எங்கள் ஊரில் ஆறு எல்லாவற்றையும் கொண்டுபோகும்,
திரும்ப நட்டால் ஒரே மரமாகத்தான் நடுவார்கள்,
என்று மட்டும் சொன்னார்.
மத்தியானத் தேநீர்ப் பொட்டலத்தின் சிவப்புக் கயிற்றை
அவிழ்த்து,
பிரித்து,
நூலாக்கி,
மிஞ்சிய கன்றுகளின் கழுத்தில் கட்டத் தொடங்கினார்.
கயிறு தீர்ந்ததும் என் பையிலிருந்ததையும் வாங்கிக்கொண்டார்.

எண்பத்தெட்டு.
வெட்டுக்குக் கீழே, பட்டையைக் கிழித்துக்கொண்டு
அரிசி அளவில் ஒரு பச்சை.
பேனாவைத் திறந்து மூடினேன்.
திறந்தேன்.
மழை வந்துவிட்டது, தாள் நனையும் என்று
அந்தக் கட்டத்தை அப்படியே விட்டேன்.

மழை விட்டதும் கீழே இயந்திரம் மறுபடி உறுமியது.
சிவப்பைக் கண்ட இடத்தில் நிதானித்து,
சுற்றி,
பிறகு நகர்ந்தது சத்தம்.
இறங்கும்போதுதான் பார்த்தேன்,
ஒரு செண்டுடுக் செடிக்கும் கட்டியிருக்கிறார்.
ஊதாப் பூ. உள்ளே இரண்டு தேனீக்கள்.
எங்கள் கணக்கில் அது களை.
முடிச்சில் விரல் வைத்தேன்.
இறுக்கமாகத்தான் போட்டிருந்தார்.
அவிழ்க்கவில்லை.